கிறிஸ்துமஸ் முதலிடமும் மொரீனியோவின் மேலங்கியும்: வானொலி நையாண்டிப் பாடல்கள் குறித்து

நெய்தல்:

2005ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் வாரத்தில் அயர்லாந்தின் பாடல் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது காதல் பாட்டும் அன்று, தேவாலயப் பாட்டும் அன்று. டுடே எஃப்எம் வானொலியின் காலை நிகழ்ச்சியில் ஒலித்துவந்த ‘கிஃப்ட் கிரப்’ என்னும் நகைச்சுவைப் பகுதியிலிருந்து பிறந்த நையாண்டிப் பாடல் அது. ‘ஜோசே அண்ட் ஹிஸ் அமேசிங் டெக்னிகலர் ஓவர்கோட்’ என்பது அதன் தலைப்பு. பலகுரல் கலைஞர் மாரியோ ரோசன்ஸ்டாக், அப்போது செல்சீ கால்பந்து அணியின் மேலாளராக இருந்த ஜோசே மொரீனியோவின் குரலில் அதைப் பாடியிருந்தார். ஆண்ட்ரூ லாயிட் வெப்பரும் டிம் ரைஸும் ஆக்கிய ‘ஜோசப்’ இசை நாடகத்தில் வரும் ‘எனி ட்ரீம் வில் டூ’ பாடலின் மெட்டுதான் இதற்கும் மெட்டு. (ரகுமானின் ‘பாம்பே ட்ரீம்ஸ்’ இசை நாடகத்தை 2002இல் லண்டனில் தயாரித்த அதே லாயிட் வெப்பர்தான்.)

கால்பந்துப் பாடல்கள் பெரும்பாலும் உலகக் கோப்பையை ஒட்டிய கோடைக்காலத்தில்தான் விற்கும். கிறிஸ்துமஸ் பட்டியலை நோக்கி அவை வந்தால் வாடிப்போவதே வழக்கம். 1998 கோடையில் ‘விண்டலூ’ பாடலால் பிரித்தானியப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறிய ஃபேட் லெஸ் குழு, அதே சூட்டில் டிசம்பரில் ஒரு கிறிஸ்துமஸ் பாடலை வெளியிட்டுப் பார்த்தது. அது 21ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அப்படியிருக்க, தன் நாட்டு அணியைப் பற்றிக்கூடப் பாடாத, லண்டன் அணியொன்றின் போர்த்துக்கீசிய மேலாளரைக் கேலி செய்யும் ஒரு பாட்டை அயர்லாந்து மக்கள் ஏன் வரிசையில் நின்று வாங்கினார்கள்? பாட்டு நன்றாக இருந்தது என்ற ஒற்றை வரி விடை எனக்குப் போதவில்லை. அந்நாட்டு வானொலியை அறிந்தவர்கள் விளக்கினால் நன்று.

லிஃபிக்கரையான்:

அந்த ஆண்டுகளில் நான் டப்ளினில் வேலை பார்த்தேன் என்பதால் முதலில் எழுதுகிறேன். இப்பாடலைத் தனியாக எடுத்து வைத்துப் பார்த்தால் விடை கிடைக்காது. ‘கிஃப்ட் கிரப்’ 1999இல் இயன் டெம்ப்ஸியின் காலை நிகழ்ச்சியில் தொடங்கியது. சில நிமிடங்களே ஓடும் அப்பகுதியில் அன்றைய பிரதமர் பெர்ட்டி அஹெர்ன் வருவார், பாடகர் ரோனன் கீட்டிங் வருவார், கார்க் நகரத்துக் கால்பந்து வீரர் ராய் கீன் வருவார். எல்லாக் குரலும் ரோசன்ஸ்டாக்கினுடையதே. கிளென்ரோ என்ற தொலைக்காட்சித் தொடரில் மருத்துவராக நடித்து அறிமுகமானவர் அவர். வானொலிக்கு வந்த பிறகுதான் அவர் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது. காலையில் வேலைக்குப் புறப்படுகிறவர்கள் காரிலும் பேருந்திலும் கேட்டு, அலுவலகத்தில் தேநீர் குடிக்கும்போது அந்தக் குரல்களை ஒருவருக்கொருவர் செய்து காட்டுவார்கள். கார்க் நகரத்துப் பேச்சின் ஏற்ற இறக்கம் பிடிபடாத என்னைப் போன்றவர்களுக்கு, ராய் கீன் எப்போது கோபப்படுகிறார், எப்போது வெறுமனே பேசுகிறார் என்பதைக் கற்றுக்கொடுத்ததே அந்த நிகழ்ச்சிதான்.

மொரீனியோ 2004 கோடையில் செல்சீக்கு வந்தார். வந்த முதல் செய்தியாளர் சந்திப்பிலேயே தாம் தனிச்சிறப்பு வாய்ந்தவர் என்று அறிவித்துக்கொண்டார். சொன்னதோடு நில்லாமல், 50 ஆண்டுகளாக இங்கிலாந்து லீக் பட்டம் வெல்லாதிருந்த அணியை முதல் பருவத்திலேயே 95 புள்ளிகளுடன் வாகையராக்கினார். அப்பருவம் முழுவதிலும் செல்சீ வாங்கிய கோல்கள் 15 மட்டுமே. 2005 அக்டோபரில் ஆர்சனல் மேலாளர் வெங்கரை அடுத்த வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பவர் என்ற பொருள்படப் பேசி வம்பு வளர்த்தார். வாரத்துக்கு ஒரு வசனத்தை அவரே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்றால் மிகையில்லை. பலகுரல் கலைஞருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நிறுத்தி நிறுத்தி, சொல்லுக்குச் சொல் எடை போட்டுப் பேசும் அந்தக் குரலை ரோசன்ஸ்டாக் பிடித்தபோது, கேட்பவருக்கு மொரீனியோவின் தூக்கிய புருவமும் சேர்ந்தே தெரிந்தது.

தலைப்பிலுள்ள குறும்பையும் கவனிக்க வேண்டும். விவிலியத்து யோசேப்புக்குத் தந்தை கொடுத்தது பலவண்ண அங்கி. மொரீனியோ ஆட்டத்துக்கு ஆட்டம் கோட்டோரத்தில் அணிந்து நின்றதோ சாம்பல் நிற அர்மானி மேலங்கி. நிறமே இல்லாத அங்கிக்குப் பலவண்ணப் பட்டம் சூட்டியதிலேயே பாதி நகைச்சுவை அடங்கிவிடுகிறது. தான் கண்ட கனவில் உடன்பிறந்தோரின் கதிர்க்கட்டுகள் தன் கதிர்க்கட்டை வணங்கின என்று அவர்களிடமே சொன்ன யோசேப்பும், தன்னைத் தானே சிறப்பானவர் என்று சொல்லிக்கொண்ட மேலாளரும் குணத்தால் அவ்வளவு தூரத்தில் இல்லை என்பது இன்னொரு நுட்பம்.

இனி, தன் நாட்டு அணியை ஏன் பாடவில்லை என்ற கேள்வி. 2005 செப்டம்பர் 7 அன்று லான்ஸ்டவுன் ரோடு அரங்கில் தியரி ஆன்ரியின் ஒற்றைக் கோலால் அயர்லாந்து பிரான்சிடம் தோற்றது. அக்டோபரில் சுவிட்சர்லாந்துடன் கோலின்றிச் சமன் செய்ததோடு 2006 உலகக் கோப்பை வாய்ப்பு போயிற்று. மேலாளர் பிரையன் கெர்ரின் ஒப்பந்தமும் நீட்டிக்கப்படவில்லை. நவம்பர் 18இல் ராய் கீன் மான்செஸ்டர் யுனைடெட்டை விட்டு வெளியேறினார். சொந்த வீட்டில் சிரிக்க ஏதுமில்லாத அந்த டிசம்பரில், பக்கத்து வீட்டுப் பெருமைக்காரரைப் பார்த்துச் சிரிப்பதற்கு யாருக்கும் மனத்தடை இருக்கவில்லை. அயர்லாந்தில் சனிக்கிழமை தோறும் பெரும்பாலோர் பின்தொடர்வது இங்கிலாந்து லீக்கைத்தான் என்பதால், செல்சீ மேலாளர் அங்கே அயலாரும் அல்லர்.

மாற்றுக்கருத்து:

லிஃபிக்கரையான் அவர்கள் எழுதியதை ரசித்துப் படித்தேன். ஆனால் இதில் எல்லோரும் வசதியாகக் கடந்துபோகும் ஒன்று உள்ளது. ஒரு வானொலி நிலையம் தன் காலை நிகழ்ச்சியில் ஒரு பாத்திரத்தை மாதக்கணக்கில் வளர்க்கிறது. அந்தப் பாத்திரத்தின் பாடலை அதே நிகழ்ச்சியில் ஒலிபரப்புகிறது. பிறகு அது கடைக்கு வந்துவிட்டது என்று தானே அறிவிக்கிறது. முதலிடம் கிடைத்தால் அதையும் தானே செய்தியாக்குகிறது. வேறொரு பாடகர் இந்த அளவு விளம்பர நேரத்தை விலைகொடுத்து வாங்க வேண்டுமானால் சொத்தை எழுதிவைக்க வேண்டியிருக்கும். இது போட்டி என்றால், நடுவரே பந்தை உதைப்பதும் போட்டிதான்.

இன்னொன்று, அயர்லாந்து சிறிய சந்தை. 2006 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 42 லட்சம். நாடு முழுவதும் கேட்கப்படும் ஒரு வானொலி மனம் வைத்தால் விற்பனைப் பட்டியலைப் புரட்டிப்போட அங்கே பெரும்படை தேவையில்லை. பிரித்தானியாவில் அதே கிறிஸ்துமஸுக்கு முதலிடம் பெற்ற ஷேன் வார்டின் பாடல் ஒரே வாரத்தில் ஏழு லட்சத்துக்கு மேல் விற்றது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் அயர்லாந்தின் முதலிடத்தை இவ்வளவு வியக்க வேண்டுமா என்பதே என் ஐயம்.

ஒலிப்பேழை:

ஷேன் வார்டின் அந்தப் பாடலுக்கு ‘தட்ஸ் மை கோல்’ என்று பெயர். பெயரில் கோல் இருக்கிறதே தவிர கால்பந்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அவர் எக்ஸ் ஃபேக்டர் தொலைக்காட்சிப் போட்டியில் வென்றவர். அங்கே அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் அயர்லாந்துக்காரரான லூயிஸ் வால்ஷ். மாற்றுக்கருத்து அவர்களின் குறையை அப்படியே திருப்பிப் போட்டுப் பாருங்கள்: சில மாதங்கள் சனிக்கிழமை மாலைகளில் மக்களைத் தொலைக்காட்சி முன் உட்காரவைத்து, இறுதிச் சுற்றைக் கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால் வைத்து, வென்றவரின் பாடலை உடனே கடைக்கு அனுப்பிய நிறுவனம் மட்டும் நடுவர் வேலை பார்த்ததா? வானொலி செய்ததையே தொலைக்காட்சி பன்மடங்கு பெரிதாகச் செய்தது. அயர்லாந்தில் அந்த ஆண்டு மோதியவை இரண்டு ஒலிபரப்பு இயந்திரங்கள். அவற்றில் சிறியது வென்றது என்பதால்தான் அந்த முடிவு நினைவில் நிற்கிறது.

இசை வெளியீட்டுத் துறையில் இருந்தவன் என்பதால் பலரும் கேட்காத ஒரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வானொலியில் ஒரு மெட்டைக் கேலிக்கு எடுத்துக்கொண்டு அரை நிமிடம் பாடிவிட்டுப் போவது ஒரு விதம். அதையே முழுப் பாடலாக்கிக் குறுந்தகடாக விற்பது முற்றிலும் வேறு விதம். பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு. ஒலிப்பதிவின் உரிமை பதிவு செய்தவருடையது. நையாண்டிக் கலைஞர் தாமே புதிதாகப் பாடிப் பதிவு செய்துவிட்டால் அதில் சிக்கல் இல்லை. மெட்டும் சொல்லும் சேர்ந்த ஆக்கத்தின் உரிமையோ இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் அவர்களின் வெளியீட்டாளருக்கும் உரியது. அதே சொற்களோடு மறுபடி பாடுவதற்கு நடைமுறையில் எளிதாக உரிமம் கிடைக்கும். சொற்களை மாற்றினால் வெளியீட்டாளரின் இசைவு வேண்டும். அப்படி இசைவு பெற்று வெளியாகும் பாடல்களில் ஆக்கத்துக்கான உரிமைத்தொகை பெரும்பாலும் மூல ஆசிரியர்களுக்கே போய்ச் சேரும். சிரிக்கவைத்தவருக்குப் புகழ், மெட்டுக்காரருக்குக் காசு.

நையாண்டிக்கு விலக்கு இல்லையா என்று கேட்பீர்கள். 2005இல் இரண்டு நாடுகளிலும் இல்லை. பிரித்தானியச் சட்டத்தில் பகடிக்கான விலக்கு 2014 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. அயர்லாந்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதைக் கொண்டுவந்தது. இந்த விலக்கு வந்த பிறகும், மெட்டை முழுமையாக எடுத்து வணிக விற்பனைக்கு விடுகிறவர் உரிமம் இல்லாமல் இறங்கினால் அவருடைய வழக்கறிஞருக்குத்தான் கிறிஸ்துமஸ். வானொலியில் ஓராண்டில் ஒலிபரப்பான நையாண்டிகள் எத்தனையோ இருக்க, கடைக்கு வருபவை விரல்விட்டு எண்ணக்கூடியவையாக இருப்பதற்கு இந்த உரிமமே முதல் காரணம்.

மெட்டுத் தேர்வு பற்றியும் ஒரு சொல். ‘ஜோசப்’ முதன்முதலில் அரங்கேறியது 1968இல் லண்டன் பள்ளியொன்றில். அதன்பின் ஆங்கிலம் பேசும் நாடுகளின் பள்ளி மேடைகளை விட்டு அது இறங்கவே இல்லை. 1991இல் ஜேசன் டானவன் பாடி ‘எனி ட்ரீம் வில் டூ’ பிரித்தானியப் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஆக, மெட்டு பேரனுக்கும் தெரியும், பாட்டிக்கும் தெரியும். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு அது அடிப்படைத் தகுதி, ஏனெனில் வாங்குபவர் ஒருவர், கேட்பது குடும்பம்.

நெய்தல்:

உரிமம் பற்றிய விளக்கத்துக்கு நன்றி. இதுவரை வந்தவற்றைப் படித்தபோது எனக்கு வேறொன்று தெளிவாகிறது. கால்பந்துப் பாட்டு என்று ஒரே பெயரில் நாம் அழைப்பவற்றில் இரண்டு இனங்கள் இருக்கின்றன: அணியை வாழ்த்தும் பாட்டு, ஆளை நையாண்டி செய்யும் பாட்டு. முதல் இனத்தின் ஆயுள் ஆட்ட முடிவைச் சார்ந்தது. இரண்டாவதுக்கு அந்தக் கவலை கிடையாது.

இதற்கு மிகத் துன்பமான சான்று ஸ்காட்லாந்திலிருந்து கிடைக்கிறது. 1978 உலகக் கோப்பைக்கு முன் ஆண்டி கேமரன் என்ற நகைச்சுவையாளர், வானொலியிலும் புகழ்பெற்றவர், மேலாளர் ஆலி மெக்லியாடின் பெயரில் ‘ஆலிஸ் டார்ட்டன் ஆர்மி’ என்ற பாடலை வெளியிட்டார். பிரித்தானியப் பட்டியலில் ஆறாம் இடம் வரை அது ஏறியது. மேலாளரைப் பற்றிய, நகைச்சுவையாளர் பாடிய பாட்டு என்ற அளவில் மொரீனியோ பாடலுக்கு மூத்த உறவு போலத்தான் தோன்றும். ஆனால் அது வாழ்த்து. கோப்பையோடுதான் திரும்புவோம் என்ற நம்பிக்கையைப் பாடியது. அர்ஜென்டினாவில் ஸ்காட்லாந்து பெருவிடம் 1–3 என்று தோற்றது, ஈரானுடன் 1–1 என்று சமன் செய்தது, கடைசியாக நெதர்லாந்தை 3–2 என்று வென்றும் முதல் சுற்றிலேயே வெளியேறியது. பாட்டின் சொல் ஒன்றுகூட மாறாமலேயே வாழ்த்து வசையாகிவிட்டது.

கிறிஸ்துமஸோடு நேரடியாகத் தொடர்புள்ள சான்றும் உண்டு. 2022இல் கத்தாரின் வெயிலுக்காக உலகக் கோப்பை நவம்பர் 20 முதல் டிசம்பர் 18 வரை நடந்தது. கோடைக்காலப் பாட்டு கிறிஸ்துமஸ் பட்டியலுக்குப் போட்டியிட வரலாற்றில் கிடைத்த அரிய வாய்ப்பு அது. நகைச்சுவையாளர்கள் பேடியலும் ஸ்கின்னரும் லைட்னிங் சீட்ஸ் குழுவோடு சேர்ந்து, 1996இல் தாங்கள் பாடிய ‘த்ரீ லயன்ஸ்’ பாடலுக்குக் கிறிஸ்துமஸ் வடிவம் ஒன்றை உருவாக்கி வெளியிட்டார்கள். டிசம்பர் 10 அன்று காலிறுதியில் பிரான்சிடம் 1–2 என்று இங்கிலாந்து தோற்றது; ஹாரி கேன் இரண்டாவது பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்த அந்த நொடியில் பாட்டின் கதையும் முடிந்தது. இதே பாடல் 2018 கோடையில் முதலிடத்துக்குத் திரும்பி, அரையிறுதியில் இங்கிலாந்து தோற்ற மறுவாரமே 97ஆம் இடத்துக்குச் சரிந்ததையும் மறக்கக் கூடாது.

மொரீனியோவின் நிலை என்ன? செல்சீ வென்றால் அவருடைய தற்பெருமை கூடும், பாட்டு இன்னும் பொருந்தும். தோற்றால் அவர் சொல்லும் சாக்குகள் கூடும், அப்போதும் பாட்டு பொருந்தும். எந்த முடிவும் அப்பாடலைக் கொல்ல முடியாது.

லிஃபிக்கரையான்:

நெய்தல் சொன்ன பிரிவினை சரியானது. அயர்லாந்திலிருந்தே அதற்கு இன்னொரு சான்று தருகிறேன். 2002 உலகக் கோப்பைக்கு முன் சைப்பான் தீவில் ராய் கீனுக்கும் மேலாளர் மிக் மெக்கார்த்திக்கும் மூண்ட சண்டையில் நாடே இரண்டாகப் பிளந்தது. குடும்பங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றதாகக்கூடச் சொல்வார்கள். அந்தச் சண்டையை ரோமானியப் படைமுகாம் கதையாக மாற்றி ‘ஐ, கீனோ’ என்ற நகைச்சுவை இசை நாடகம் 2005இல் டப்ளின் ஒலிம்பியா அரங்கில் மேடையேறி வெற்றி பெற்றது. அதில் கீனோவாக நடித்தவரும் நம் ரோசன்ஸ்டாக்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருவரையொருவர் திட்டிக்கொண்ட இரு தரப்பாரும் ஒரே அரங்கில் உட்கார்ந்து சிரித்தார்கள். ஆக, அந்த ஆண்டின் தொடக்கத்தில் மேடையில் கீன், முடிவில் பட்டியலில் மொரீனியோ. டிசம்பரில் பாடல் வந்தபோது, கால்பந்து ஆசாமிகளை நையாண்டி செய்யும் அந்தக் குரலுக்கு நாடு முழுவதும் பழகியிருந்தது.

மாற்றுக்கருத்து அவர்களுக்கு ஒரு விடை. வானொலியின் ஆதரவு மட்டுமே போதும் என்றால் ஒவ்வோர் ஆண்டும் ஏதேனும் ஒரு வானொலி நையாண்டி கிறிஸ்துமஸ் முதலிடம் பிடித்திருக்க வேண்டும். அடுத்த மூன்று ஆண்டுகளில் அயர்லாந்தின் கிறிஸ்துமஸ் முதலிடங்களைப் பெற்றவர்கள் லியோனா லூயிஸ், லியான் ஜாக்சன், அலெக்ஸாண்ட்ரா பர்க். மூவரும் எக்ஸ் ஃபேக்டர் வெற்றியாளர்கள். ‘கிஃப்ட் கிரப்’ அந்த ஆண்டுகளிலும் தினமும் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது.

ஒலிப்பேழை:

ஜெர்மனியையும் சேர்த்துப் பார்க்கலாம். கால்பந்து அன்று என்றாலும் வானொலி நையாண்டி எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பொருத்தமான சான்று. 2002 நவம்பரில் எல்மார் பிராண்ட் என்ற பலகுரல் கலைஞர், சான்சலர் ஷ்ரோடரின் குரலில், அந்த ஆண்டு உலகையே ஆட்டிவைத்த ‘கெச்சப்’ பாடலின் மெட்டில், ‘ஸ்டோயர்சாங்’ என்ற வரிப் பாட்டைப் பாடி ஜெர்மன் பட்டியலில் முதலிடம் பெற்றார். அவருடைய ‘கெர்ட் ஷோ’ பல வானொலி நிலையங்களில் ஓடிக்கொண்டிருந்தது. தேர்தல் முடிந்து வரி உயர்வுகள் பேச்சுக்கு வந்திருந்த நேரம். நாள்தோறும் கேட்டுப் பழகிய குரல், எல்லாருக்கும் தெரிந்த மெட்டு, அந்த வாரத்து எரிச்சல் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால் பட்டியல் அசைகிறது. பெரிய சந்தையிலும் இது நடந்திருப்பதால், அயர்லாந்து சிறியது என்ற வாதம் முழுமையாகப் பொருந்தாது.

ஆனால் இன்று இது நடக்குமா என்றால், நடக்காது என்றே நினைக்கிறேன். அன்று பட்டியல் எண்ணியது வாங்குதலை. நையாண்டிப் பாட்டைக் காசு கொடுத்து வாங்கியவர் இரண்டு தடவை கேட்டுச் சிரித்துவிட்டு அலமாரியில் போட்டாலும், நூறு தடவை கேட்டாலும், பட்டியலில் அது ஒன்றுதான். பிரித்தானியப் பட்டியல் 2014 ஜூலையிலிருந்து இணைய ஒலியோட்டத்தையும் கணக்கில் சேர்த்தது. அதன்பின் ஒவ்வொரு தடவை கேட்பதும் எண்ணிக்கையானது. நகைச்சுவைக்கு இது பெரிய அடி. ஒரே துணுக்கை இருபதாவது தடவை கேட்டு யார் சிரிப்பார்கள்? பழைய கிறிஸ்துமஸ் பாட்டோ கடையில், விருந்தில், சமையலறையில் நாள் முழுக்கத் தானாக ஓடிக்கொண்டிருக்கும். 1984இல் வெளிவந்து அந்தக் கிறிஸ்துமஸில் இரண்டாம் இடத்தோடு நின்ற வேம் குழுவின் ‘லாஸ்ட் கிறிஸ்துமஸ்’, 2023இலும் 2024இலும் பிரித்தானியக் கிறிஸ்துமஸ் முதலிடம் பெற்றது இப்படித்தான்.

இடையில் லேட்பேபி என்ற யூடியூப் இணையர் 2018 முதல் 2022 வரை தொடர்ந்து ஐந்து கிறிஸ்துமஸ்களில் முதலிடம் பிடித்தார்களே என்று யாரேனும் கேட்கக்கூடும். அவையும் நையாண்டிகளே, முதலாவது, ஸ்டார்ஷிப் குழுவின் ‘வி பில்ட் திஸ் சிட்டி’ பாடலைத் தொத்திறைச்சிச் சுருளுக்கான பாட்டாக மாற்றியது. ஆனால் உணவு வங்கிகளுக்கு உதவும் ட்ரஸ்ஸல் அறக்கட்டளைக்கு அந்த வருவாய் போனதால், மக்கள் அதை நன்கொடையாகக் கருதிக் காசு கொடுத்துப் பதிவிறக்கினார்கள். சிரிப்பு அங்கே உறை மட்டுமே. உள்ளே இருந்தது காணிக்கை.

மாற்றுக்கருத்து:

சந்தை சிறியது என்ற வாதத்தை ஜெர்மன் சான்றுக்குப் பிறகு நான் வலியுறுத்தப்போவதில்லை. ஒலிபரப்பாளரே விற்பனையாளராக இருப்பது பற்றிய என் எதிர்ப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. எக்ஸ் ஃபேக்டரும் அதையே செய்தது என்பது குற்றத்தில் கூட்டாளியைக் காட்டுவதாகுமே தவிர விடுதலைத் தீர்ப்பாகாது.

ஒன்றை மட்டும் மனமார ஒப்புக்கொள்கிறேன். அன்றிரவு இந்த இழையைப் படித்துவிட்டு அப்பாடலைத் தேடிக் கேட்டேன். செல்சீயின் அந்தப் பருவத்தைப் பற்றி ஒன்றும் அறியாத என் மகள், சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “யாருப்பா இவ்வளவு திமிராப் பாடுறது?” என்று கேட்டாள்.

லிஃபிக்கரையான்:

மகளுக்கு அடுத்ததாக ரோசன்ஸ்டாக்கின் ராய் கீனைக் கேட்கக் கொடுங்கள். கீன் 2013 முதல் ஐந்தாண்டுகள் அயர்லாந்து அணியின் துணை மேலாளராக இருந்ததால் அதற்கும் சரக்கு ஏராளம்.